துரை எழுதிக் கொடுத்த குணம்

என் வீட்டுக்காரருக்கு வாய் மூடாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஆள் வருமுன் குரல் வந்துவிடும். குழாயடியில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் படியேறுவார். "சோறு ஆறுது, உங்க கச்சேரிய நிறுத்துங்க" என்று நான் கத்தாத நாள் கிடையாது.

வியாபாரம் படுத்துப்போன வருஷங்களில் ஆட்குறைப்பு வந்தது. பதினெட்டு வருஷம் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவருக்கும் சீட்டுக் கிழிந்தது. வேறு வேலை கிடைக்காவிட்டால் இருவரும் ஊருக்கே திரும்பக் கப்பலேற வேண்டியதுதான். பட்டறைத் துரை ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். எங்கள் லைனில் அப்படிக் கடிதம் வந்தால், படிக்கத் தெரிகிறதோ இல்லையோ, கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டு வைத்துவிடுவார்கள். நாங்களும் வைத்தோம்.

கிள்ளானில் ஒரு தோட்டத்து ஆலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. அந்தத் துரை என்னதான் எழுதித் தொலைத்தாரோ? கடிதத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு, அடுத்த லைனில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனோம். நேர்மை, உழைப்பு என்று வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றார். டாசிட்டர்ன். அகராதியைப் புரட்டினார்.

"அதிகம் பேசாத சுபாவம்னு அர்த்தம்க்கா. கெட்ட வார்த்தை இல்ல. கொஞ்சம் ஒட்டாத ஆளுன்னும் எடுத்துக்கலாம். படிக்கிறவங்களைப் பொறுத்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பதினெட்டு வருஷமா இவரைப் பார்த்த லட்சணமா இது?" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "துரைகிட்ட எஸ் சார், நோ சார், அவ்வளவுதானே நமக்கு வரும். அவரு கண்டதை எழுதியிருக்காருலா."

கிள்ளான் துரைக்கு அந்தச் சொல்தான் பிடித்துப்போயிற்றாம். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். "வாய் திறக்காத ஆளுன்னுதான் உன்னை எடுத்திருக்காரு, பார்த்து நடந்துக்க" என்று ஆலையில் கணக்கெழுதும் கிராணி எச்சரித்து அனுப்பினார். கப்பலேறாமல் தப்பினோமென்று மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

எங்களுக்குக் கொடுத்த வீடு ஆலையை ஒட்டி இருந்தது. துரை அந்த வழியாகத்தான் போவார், வருவார். முதலில் ஆலையில் வாயை அடக்கினார் இவர். பிறகு வாசலில். ஒரு வருஷம் போவதற்குள் வீட்டுக்குள்ளும் பேச்சு நின்றுவிட்டது. வயிற்றுக்குச் சோறு போட்ட சொல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அதன்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது, "ஏதாவது பேசுங்களேன்" என்று நானே கெஞ்சினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டார்.