காத்து தள்ளுது என்றார்கள்

நான் வாழ்நாளில் ஒரு பந்து வீசியதில்லை. மட்டையைப் பிடித்தால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஆனால் எங்கள் குப்பத்து டீம் ஆடிய ஒரு மேட்சையும் விட்டதில்லை. திருவொற்றியூரில் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்துகொண்டு ஆடுகிறவர்களைவிட அதிகமாகக் கத்துவேன். தோற்றுவிட்டால் இரண்டு நாளைக்கு என் மனைவி என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள்.

எங்களுக்கு பேட்டிங் எப்போதும் பரவாயில்லை. பந்துவீச்சுதான் ஓட்டை. உருப்படியாகப் பந்து போடுகிறவன் ஒருத்தனே ஒருத்தன், என் மச்சான். மனைவியின் அண்ணன் என்றாலும் என் வயதுதான், ஒன்றாம் வகுப்பிலிருந்து தோஸ்து. அவன் அடுத்தவர் ஃபைபர் போட்டில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவன். நான் அந்த போட்டுகளின் எஞ்சினை ரிப்பேர் பார்க்கிறவன். டென்னிஸ் பந்தைக் கால் நுனியில் அவன் இறக்கினால் பேட்ஸ்மேன் குனிவதற்குள் ஸ்டம்பு சாய்ந்திருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்து டோர்னமெண்டில் அவனுக்கு வைடு போக ஆரம்பித்தது. தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், எல்லாக் குப்பத்திலும் ஆள் கிடைக்கும். அதனால் எங்கள் பத்து ஓவர் மேட்சுகள் அப்போதுதான் நடக்கும். முதல் மேட்சில் ஒரே ஓவரில் நாலு வைடு. எல்லாம் லெக் பக்கம்.

எங்கள் ஆட்கள் உடனே என்ன செய்தார்கள்? காற்றைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து காற்றைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள், வேறு எதைப் பார்ப்பார்கள்? டென்னிஸ் பந்து லேசு. கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று அடித்தால் நகரத்தான் செய்யும். கேப்டன் ஒரு பிடி மணலை அள்ளித் தூவிப் பார்த்தான்.

“காத்து தள்ளுது மாமு. நீ அந்தப் பக்கத்துலேர்ந்து போடு.”

அந்தப் பக்கத்திலிருந்தும் வைடு போனது. அடுத்த மேட்சைக் காற்று எழும்பாத காலை வேளைக்குக் கேட்டு வாங்கினார்கள். கம்பத்தில் கட்சிக்கொடிகூட அசையவில்லை, அப்போதும் வைடு. “மேல காத்து கீது, நமக்குத் தெர்ல” என்றான் கேப்டன். நாங்களும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினோம்.

நானாவது யோசித்திருக்க வேண்டும். அந்த மாதம் அவன் இரண்டு தடவை எஞ்சினை ஆட்டோவில் போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான்.

“கயிறு இழுத்தா ஸ்டார்ட்டே ஆவல மாப்ள. இன்னான்னு பாரு.”

நான் ஒரே இழுப்புதான் இழுத்தேன், பிடித்துக்கொண்டது. “எஞ்சின் சோக்காத்தான் கீது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்” என்று கிண்டலடித்தேன். இரண்டாம் தடவை பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். மெக்கானிக் புத்தி மெஷினைத் தாண்டவில்லை. அவனும் வாங்கிக்கொண்டு போனான்.

அரையிறுதி வந்தது. கடைசி ஓவரில் எதிராளிக்குப் பதினான்கு ரன் வேண்டும். பந்து என் மச்சானிடம். முதல் பந்து வைடு. அடுத்ததும் வைடு. மூன்றாவது, கையைச் சுற்றும்போதே நழுவிப் பின்னால் அம்பயர் காலடியில் விழுந்தது. எதிர் டீம்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்லின் மேல் எழுந்து நின்று அத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

“காத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! காலைலயே ஊத்திகினு வந்துகீறான்யா! கை எப்டி நிக்கும்?”

அவன் திரும்பிப் பார்த்தான். ஓடி வந்து சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவனோ தலையைக் குனிந்து, கொஞ்சம் தள்ளாடினாற்போல் நடந்து, பந்தைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். “பாத்தியா, நான் சொல்லல?” என்றேன் பக்கத்திலிருந்தவனிடம். மேட்சும் போனது.

வீட்டில் மனைவி சண்டைக்கு வந்தாள். “எங்கண்ணன் ஜென்மத்துல தொட்டதில்ல. உனக்குத் தெரியாதா?”

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. இரண்டு நாளில் குப்பம் முழுக்க அவன் குடிகாரனாகிவிட்டான். கிரவுண்டுக்கு வருவதை நிறுத்தினான். என்னோடும் பேசவில்லை. கடலுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தான். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் வலை இழுக்கும்போது கயிறு அவன் வலது உள்ளங்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. ரத்தம் கொட்டுகிறது, அவன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான், வலியே இல்லை. கூட இருந்தவர்கள் பயந்துபோய்க் கரைக்கு வந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சேதி கேட்டு நானும் ஓடினேன்.

டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். கைக்குப் போகிற நரம்பு கழுத்தெலும்பில் நசுங்கிக் கிடக்கிறது. தொடக்கத்திலேயே வந்திருந்தால் கை பிழைத்திருக்கலாம். இனி ஆபரேஷன் செய்தாலும் இருக்கிற பலம் போகாமல் காக்கலாம், போனது திரும்பாது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, “சித்திரைலேர்ந்து சார்” என்றான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் தனியாகப் போனேன்.

“மச்சான், அன்னிக்கு நான் அப்டிக் கத்தியிருக்கக் கூடாது. அந்த அசிங்கத்துலதான நீ ஆஸ்பத்திரிக்குக்கூடப் போவாம இருந்துட்ட?”

“அட நீ வேற மாப்ள. நீ கத்துனது எனக்கு நல்லதாப் பூட்ச்சு.”

குத்திக் காட்டுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் அதெல்லாம் இல்லை.

“கை வெளங்கலன்னு தெரிஞ்சா எவன் போட்ல ஏத்துவான்? குடிகாரன ஏத்துவாங்கோ. பாதிப் பேரு ஊத்திகினுதான ஏறுறான்? அதான் நானும் தள்ளாடிக் காட்னேன். நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைய வச்சிகினுதான் அஞ்சு மாசம் கடலுக்குப் போனேன்.”

அந்த ஐந்து மாதத்தில்தான் கை இனித் திரும்பாதபடி போயிருக்கிறது. போர்வைக்கு மேல் கிடந்த அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். நான் பிடித்திருந்தது அவனுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை.