பக்கத்து சீட்டின் எடை

எங்களுடையது இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். "இது காரா, செருப்பா?" என்று கேட்காத சொந்தக்காரர் ராசிபுரத்தில் இல்லை. அதை வாங்கச் சொன்னவள் என் மனைவி. புற்றுநோய் முதுகெலும்புவரை வந்த பிறகும் சேலம் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் வருவேன் என்றாள். "இதுல போனா ஊர் சுத்தப் போறாப்பல இருக்குதுங்க. டாக்ஸின்னா நான் வரல. ஊசியும் வேண்டாம்."

ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடிப்பாள். அது என் காதில் விழும். அதற்காகத்தான் சஸ்பென்ஷனை மாற்றினேன். இளக்கமானது, உயரத்தையும் கூட்டிக் குறைக்கலாம். குலுக்கல் நின்றது, வேறு சனியன் பிடித்தது. வண்டி இடப்பக்கமே இழுத்தது, ஸ்டியரிங்கோடு சீட்டும் நடுங்கியது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள், திருப்புங்க என்றுவிட்டாள். அடுத்த ஊசிக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

சக்கரத்தை நேராக்கும் அலைன்மென்ட் கடைகளில் நான் ஏறி இறங்காதது இல்லை. ஒரு கடையில் காரின் மூக்கு இடித்து, மேடையிலேயே ஏறவில்லை. இன்னொரு கடையின் கம்ப்யூட்டரில் இந்தக் காரே இல்லை. வேறு ஏதோ காரின் கணக்குக்குத் திருகிவிட்டு, "இனி அம்பாட்ட நேராப் போவுங்க" என்றார்கள். பைபாஸ் ஏறுவதற்குள் மறுபடியும் இழுத்தது. திரும்பிப் போய்க் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நோயை நிற்கவைத்துத் திட்ட முடியாதே. திட்டி முடித்ததும் தெருவில் நின்று அழுதேன்.

கடைசியாக நாமக்கல்லில் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சஸ்பென்ஷன் மாத்துனா வண்டியோட நிப்பே மாறிருமுங்ணா. ஆள் உக்காந்தாப்பல எடை வெச்சுத்தான் சக்கரத்தப் பாக்கோணும்" என்றார். பக்கத்துக் குடோனிலிருந்து கோழித்தீவன மூட்டைகளை எடுத்துவரச் செய்து, ஓட்டுகிற சீட்டில் என் எடைக்கு அடுக்கினார். பக்கத்து சீட் என் மனைவிக்கு என்றதும் கேட்டார்:

"அக்கா எத்தன கிலோ இருப்பாங்க?"

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் குறைகிறது. போன முறை முப்பத்தொன்பது.

"அறுபத்திரண்டு" என்றேன்.

அது கார் வாங்கிய காலத்து எடை. மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஒரு முழு மூட்டையும் அதன்மேல் ஒரு சிறு சாக்கும் வைத்தார். அந்த சீட் அப்படி அமுங்கி ரொம்ப நாளாகியிருந்தது. பார்க்க முடியாமல், டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஊசி நாளன்று அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. நடுக்கம் இல்லை. வேகத்தடையிலும் அவளிடமிருந்து சத்தம் இல்லை. காருக்குள் மட்டும் தீவன வாசம். என்ன வாசம் என்று கேட்டாள். மூட்டை வைத்த கதையைச் சொன்னேன்.

"எனக்கு எத்தன கிலோ வெச்சாங்க?"

"அறுபத்திரண்டு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த அறுபத்திரண்டு கிலோக்காரி திரும்பி வருவான்னு வெச்சீங்களா?"

சேலத்தில் அஸ்தம்பட்டி வரும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்படிப் பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.