நாலாம் பிறையும் இரண்டு கற்களும்

விநாயகர் சதுர்த்தியன்று சந்திரனைப் பார்த்தால் திருட்டுப் பழி வரும். அதற்குப் பரிகாரம் இரண்டு. சியமந்தக மணிக் கதையைக் கேட்கலாம். இல்லையென்றால் அடுத்த வீட்டுக் கூரையில் கல்லெறிந்து, அந்த வீட்டாரிடம் வாய் நிறையத் திட்டு வாங்கலாம். திட்டு விழுந்ததும் பழி கழிந்துவிடும். முப்பத்துநாலு வருஷம் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். இவ்வளவு தெளிவான விதியை எந்தச் சுற்றறிக்கையிலும் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மைசூரில் மண்டி மொஹல்லாவின் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட ஒண்டுக்குடித்தன வரிசையில் இருந்தோம். அந்த வருஷச் சதுர்த்தி சாயங்காலம் நானும் அண்ணனும் வாசல் வாசலாக நின்று "கணபதி கூர்சிதீரா?" என்று கன்னடத்தில் கேட்டு, பிள்ளையார் வைத்த வீடுகளில் அட்சதை போட்டுக்கொண்டிருந்தோம். இருபத்தோரு பிள்ளையார் பார்த்தால் பரீட்சையில் பாஸ் என்பது பிள்ளைகளுக்குள் வழங்கிய சட்டம். பத்தொன்பதாவது வீட்டிலிருந்து வெளியே வந்தபோது நான் அண்ணாந்துவிட்டேன்.

"அண்ணா, நெலா!"

அண்ணன் சட்டென்று தன் கண்களைப் பொத்திக்கொண்டான். "பாத்துட்டியா? தொலஞ்சே போ. டீச்சர் பேனாவை நீதான் எடுத்தேன்னு நாளைக்கு சொல்லப்போறாங்க."

வகுப்பில் டீச்சரின் பேனா காணாமல் போயிருந்தது நிஜம். மறுநாள் எல்லோர் பையையும் கொட்டிப் பார்ப்பதாக அவர் சொல்லியிருந்ததும் நிஜம். கதை தெரிந்த அப்பா ரயில்வே டியூட்டியில் அரசிக்கெரேயில் இருந்தார். அம்மாவிடம் போனால் அண்ணாந்து பார்த்ததற்கு முதலில் முதுகில் விழும். ஆகவே இரண்டாவது பரிகாரம்தான்.

திட்டுவதில் எங்கள் வரிசையிலேயே கைதேர்ந்தவள் கோடி வீட்டு அக்கா. கொள்ளேகால் பக்கத்துக்காரி. குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் நின்றால் குழாயைத் திட்டுவாள். புருஷனின் சைக்கிளைத் திட்டுவாள். "ஏண்டி வாலு, தோலை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டே என் கையில் வெல்லத்தைத் திணிப்பாள். அவளிடம் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம் என்று நம்பினோம்.

ஏழு மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. நான் கல்லை எறிந்தேன். தகரம் டணாரென்றது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. திட்டு வரவில்லை.

"இத்தனூண்டு கல்லுக்கு எவ திட்டுவா? பெரிசா போடு," என்றான் அண்ணன்.

இரண்டாவது கல் கூரை முழுக்க உருண்டு வந்து விழுந்தது. கதவு திறந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அக்கா நின்றாள். நாங்கள் நின்ற இருட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினாள். கை கிடுகிடுவென்று ஆடியது.

"அண்ணா, அவரை ஒண்ணும் பண்ணிராதீங்க. நான் வந்தர்றேன். இப்பவே உங்ககூட வந்தர்றேன், அண்ணா..."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். குழாயையும் சைக்கிளையும் விட்டுவைக்காத அந்த வாயிலிருந்து வந்த குரலா அது? அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

விடிந்தபோது அந்த வீடு திறந்து கிடந்தது. வடித்த சோறு அப்படியே இருந்தது. அவளும் இல்லை, புருஷனும் இல்லை, சைக்கிளும் இல்லை.

"சும்மா ஓடுவாங்களா, நோடம்மா! எங்கியோ கை வெச்சிருக்காங்க," என்றாள் கன்னடத்து வீட்டுக்காரம்மா. அவ்வளவுதான், நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் ஒரு வீட்டில் டம்ளர் காணோம், இன்னொரு வீட்டில் துண்டைக் காணோம். எங்கள் அம்மாவுக்குப் பித்தளைக் கரண்டி. ஒரு வாரம் கழித்து அது எங்கள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்தே கிடைத்தது. அதை மட்டும் அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. திட்டு கிடைக்காவிட்டால் என்ன, பழி அக்காவின் மேல் விழுந்துவிட்டதே, இனி என் பக்கம் வராது என்று ஒரு நிம்மதி. நிம்மதியாகவே பள்ளிக்கூடம் போனேன். என் பையில் எதுவும் இல்லை என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

வீட்டாருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து ஒளிந்திருந்தவர்கள் அவர்கள் என்று ஊகிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அதற்குள், சொந்த வீட்டாரே தேடி வந்து கொன்ற அப்படிப்பட்ட பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்துவிட்டேன். அவள் அன்று பிழைத்தாளா என்று இன்றுவரை தெரியாது.

அந்த ராத்திரி படுத்துக்கொண்டு நான் யோசித்தது வேறு. சந்து முழுக்க ஓடியும் என் அண்ணன் என் கையை விடவில்லை. நான் தடுக்கி விழுந்தபோது தூக்கி நிறுத்தி, பாவாடையில் மண்ணைத் தட்டிவிட்டான். அண்ணன் வந்திருக்கிறான் என்று நினைத்த ஒருத்தி எதற்காக அப்படி நடுங்கினாள் என்பதுதான் எனக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவே இல்லை.