“ஆட்டும் சார்” சொன்ன ஆபரேஷன் தியேட்டர்

ஸ்டெரிலைஸ் பண்ணிய டிரம்மைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடான துணி வாசனை... தூத்துக்குடியில் எழுபதுகளில் நான் தியேட்டர் நர்ஸாகச் சேர்ந்தபோது என் காலைப்பொழுதே அந்த வாசனையில்தான் விடியும்.

அப்போது மெட்ராஸிலிருந்து புது சர்ஜன் ஒருவர் வந்தார். வந்த வாரம் முழுக்க மூலையில் நின்று யார் எங்கே நடக்கிறோம், எதற்கு வெளியே ஓடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பார் வேறு! எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது.

தியேட்டர் அட்டெண்டர் அந்தோணி அண்ணாச்சிக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏளா கிரேஸ், இவரு ஆள் குறைக்க வந்திருக்காரு. மொதச் சீட்டு எனக்குத்தான் கிழியும், பாத்துக்க.”

எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஒருநாள் தோணியில் மூட்டை தூக்குகிற ஒருவருக்கு அவசரமாக வயிற்று ஆபரேஷன். தொடங்குமுன் டாக்டர் கேட்டார், “ஆக்ஸிஜன் சிலிண்டர் மாத்தியாச்சா?”

“ஆட்டும் சார்” என்றார் அண்ணாச்சி.

பாதி ஆபரேஷனில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வராந்தாவில்! அண்ணாச்சி அதை உருட்டிக்கொண்டு ஓடிவந்த சத்தம்... இப்போதும் காதில் கேட்கிறது. நல்லவேளை, அந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

முடிந்ததும் டாக்டர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்தார். அண்ணாச்சி கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

“ஆட்டும்னா என்ன அர்த்தம்?”

“இந்தா மாத்துதேன்னு அர்த்தம் சார்.”

“நான் மாத்தியாச்சுன்னு நினைச்சுட்டேனே...”

அவ்வளவுதான். திட்டவில்லை. நாளையிலிருந்து கத்தி எடுக்குமுன் அவரவர் வேலையை அவரவரே சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆச்சு, இல்லையென்றால் ஆகலை, இரண்டே வார்த்தை என்றார்.

எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. நம் வாயாலேயே நம்மை மாட்டிவிடப் பார்க்கிறாரோ?

மறுநாள் காலை நான் “ஆச்சு” என்றேன். மயக்க டாக்டர் “ஆச்சு” என்றார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சக்‌ஷன் மெஷின்... ஆகலை சார்” என்றார்.

டாக்டர் கத்தியைத் தட்டில் வைத்தார். “சரி, முடிச்சுட்டு வாங்க. காத்திருக்கேன்.”

கோபமே இல்லை! அவர் அப்படிக் காத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என் சந்தேகம் கரைந்தது. அப்புறம் நடுவில் ஓடுகிற ஓட்டமெல்லாம் நின்றது. சாயங்காலம் வரை இழுத்த கேஸ்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தன. அண்ணாச்சிக்கு வேலையும் நிரந்தரமானது.

போன மாதம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க டிவித் திரை. ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, ஆபரேஷனுக்குமுன் சரிபார்க்கிற பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். சுற்றி நின்றவர்கள் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை... பழைய சந்தேகப் புத்தி எனக்கு, விடுமா?

படுத்தபடியே சொன்னேன்.

“தலைய ஆட்டாதிய, மக்கா... வாயத் தொறந்து சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு.”