மருதமுத்து பாஸ் எடுத்த வாள்

செவ்வாய்க்கிழமை காலை, பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து எல்லோரும் வேலைக்குக் கலைந்த கையோடு செய்தி வந்தது: மருதமுத்து பாஸ் போய்விட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். எங்கள் பக்கம் தச்சரைப் ‘பாஸ்’ என்றுதான் அழைப்போம். இருபது வருடம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் அவரும் நானும் தச்சு வேலை பார்த்தோம். அவரை அறியாதவர்களுக்கு மரம் அறுக்கும் ஒரு வாளின் கதையைச் சொன்னால் போதும்.

சில வருடங்களுக்கு முன் அடித்த காற்றில், தோட்டத்து மேல் டிவிசனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் கூரை பறந்துபோனது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்கே விடுவார்கள்? ஒரு கிழமைக்குள் கூரை ஏறியாக வேண்டும். அங்கே கரண்டும் கிடையாது. பெட்டரியில் ஓடும் வாள் ஒன்று வாங்கிவரச் சொன்னார் தோட்டத் துரை. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறினோம். பாஸ் கையில், கூரைக்கென்று வெட்டிய ஈரம் காயாத டர்பன்டைன் மரத்தில் ஒரு துண்டு.

“கடையில காஞ்ச பலகையத்தான் வெட்டிக் காட்டுவாங்க. நம்ம மரத்த வெட்டட்டும், பாப்போம்” என்றார். கண்டக்டர் எங்களை முறைத்துக்கொண்டே வந்தார்.

கடையில் இரண்டு வாள்கள். ஒன்று பெரியது, சிவப்பு நிறம். பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது! ஆனால் அதற்கு ஒரே பெட்டரி. சின்னதற்கு இரண்டு. ஈரத் துண்டைப் பெரியதுதான் சட்டென்று வெட்டியது. நான் துள்ளினேன். பாஸ் அதைத் தோளுயரத்துக்குத் தூக்கி, அசையாமல் கொஞ்ச நேரம் நின்றார். பாரத்தில் வாள் மெல்லத் தாழ்ந்தது.

“ஏணியில நின்னுக்கிட்டு இத எப்புடிங்க புடிக்கிறது? பிளேட்டு தேஞ்சா பதுளையில கெடைக்குமா?”

அதற்குக் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், சின்னதற்கு இங்கேயே கிடைக்கும் என்றார் கடைக்காரர். சின்னதை எடுத்துவிட்டார் பாஸ். விளையாட்டுச் சாமான் என்று பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்தேன்.

கடைசி நாள். பக்கத்துத் தெமோதரையில் மழை இறங்கிவிட்டது. மூன்று கைமரங்கள் மீதி இருக்க, வாள் முனகி நின்றது. பாஸ் தன் கம்பளிச் சட்டைக்குள் கைவிட்டு அடுத்த பெட்டரியை எடுத்தார். குளிரில் அது சோர்ந்துவிடும் என்று காலையிலிருந்து வயிற்றோடு வைத்திருந்திருக்கிறார், மனுஷன்! மாட்டியதும் வாள் சீறியது. கடைசித் தகரத்தை அடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. தாய்மார் கைதட்டினார்கள்.

“இப்பவாவது சொல்லுங்க பாஸ், நான் எடுத்தது சரிதானே?” என்று என்னைக் கேட்டார்; தச்சன் என்பதால் அவருக்கு நானும் பாஸ்தான்.

“பெருசா இருந்திருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்” என்றேன். வெறும் வீம்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலை முடிவிலும் அதே கேள்வி, அதே பதில். அவர் சிரித்துவிட்டு, தீர்ந்த பெட்டரியை சார்ஜ் போட வீட்டுக்கு எடுத்துப்போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கான சவப்பெட்டியை நான்தான் செய்தேன். தோட்டத்தில் அது தச்சர் வேலை. பாதியில் வாள் நின்றுவிட்டது. கைவாளைத் தேடி எழுந்தபோது அவர் மனைவி அவருடைய கம்பளிச் சட்டையில் சுற்றி மற்றப் பெட்டரியை நீட்டினார்.

“எந்திரிச்சதும் சார்ஜ் போட்டுட்டுத்தாங்க தேத்தண்ணியே குடிச்சாரு. சார்ஜுல இருந்தத இப்பதான் கழட்டுனேன்.”

மாட்டினேன். கண்ணை நீர் மறைத்தது. ஆனால் கடைசிப் பலகை வரை வாள் தளரவே இல்லை.

போய் வாருங்கள், பாஸ். நீங்கள் எடுத்ததுதான் சரி.