போதுமான இரும்பு

வெள்ளைக்காரன் காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட, ஓர் உரக் கம்பெனியின் லபோரட்டரியில் அசிஸ்டன்டாக இருந்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை அப்போதுதான் கிடைத்திருந்தது. தலைக்கனம் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

முதல் கையெழுத்து வெள்ளவத்தையில் ஒரு புறொக்டர், அதாவது வக்கீல், வீட்டு மண்ணுக்கு. மதிலோரம் வரிசையாக நின்ற சிவப்பு எக்சோரா என்கிற வெட்சிச் செடிகள் வெளுத்துப் போயிருந்தன. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். இரும்புச் சத்துக் கிடைக்காத இலை அப்படித்தான் இருக்கும்.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டக்காரர் மாரிமுத்து மண்ணைத் தோண்டித் தந்தபடியே சொன்னார்: "மதிலு கட்டுறப்ப மேசன்மாருங்க இங்கதாங்க சுண்ணாம்பு குழைச்சாங்க. அதுலேருந்துதாங்க இப்புடி."

புறொக்டர் விறாந்தையில் நின்றார். "உவன் தண்ணி ஒழுங்கா விடுறேல்லை. பிழை மண்ணிலயோ இவனிலயோ எண்டு நீர் சொல்லும். இவனிலயெண்டால் அனுப்பிப்போடுவன்."

மாரிமுத்துவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அந்த வீட்டின் பின்னறையில்தான் குடியிருந்தார்கள்.

மண்ணை அசிட்டில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். இரும்பு தாராளமாக இருந்தது. சுண்ணாம்புக் கதையை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. தோட்டக்காரன் கதைதானே என்று நானும் விட்டுவிட்டேன். 'இரும்பு: போதுமானது' என்று எழுதி அனுப்பினேன்.

சில வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் இதை எங்கள் கெமிஸ்டிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது.

"சுண்ணாம்பு எண்டு சொன்னவனோ? அது உமக்குப் போதாதோ ஐசே? வேர் கட்டியாக் கிடக்கிறதைத் தின்னாது. தண்ணியில கரைஞ்சு வாறதைத்தான் எடுக்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணில இரும்பு லேசில கரையாது. நீர் அசிட் ஊத்திக் கரைச்சீர். செடியிட்ட உம்மட அசிட் போத்தல் இருக்கோ?"

அன்று மாலையே மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கினேன். அது இரும்பு உப்பு. நீர்க்கக் கரைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். பின்னறைக் கொடியில் வேறு யாருடைய உடுப்போ காய்ந்துகொண்டிருந்தது.

"மாரிமுத்து எங்கை ஐயா?"

"மண்ணில பிழையில்லை எண்டு உம்மட ரிப்போர்ட் வந்த அண்டைக்கே அனுப்பிப்போட்டன். எல்லாம் இந்தியாவுக்குப் போயிட்டுதுகளாம்" என்றார் புறொக்டர்.

 ஓர் இலையில் ஒரு பாதிக்கு மட்டும் அன்னபேதித் தண்ணீரைப் பூசிவிட்டு வந்தேன். பத்து நாளில் பூசிய பாதி பச்சையாகியிருந்தது. மற்றப் பாதி அதே மஞ்சள். இலையைக் கிள்ளிக்கொண்டு போய்ப் புறொக்டரின் மேசையில் வைத்தேன்.

"அந்த மனுசன் சொன்னதுதான் சரி ஐயா. பிழை என்ரை. அவரைத் திருப்பிக் கூப்பிடவேணும்."

அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மற்றச் செடியளுக்கும் பூசச் சொல்லி புது ஆளிட்டச் சொல்லிப்போட்டுப் போம்."

மாரிமுத்துவின் ஊர் விலாசம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த துறைமுகத்துக் கூலிகளிடம் மாதக்கணக்காக விசாரித்தேன், பலனில்லை. மண்ணில் ஒரு சத்து இருந்தால் போதாது, அது கரைந்து வேருக்குள் போகவேண்டும் என்பதை இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். லபோரட்டரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: மண்ணைத் தோண்டித் தருகிற ஆள் சொல்வதை முதலில் எழுதுங்கள், கட்டம் இல்லாவிட்டால் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதாததால் நான்கு பேர் வீடில்லாமல் கடல் தாண்டினார்கள். செடிகள் பிழைத்துவிட்டன.