நானாகக் கொடுக்கவில்லை என்று எழுதுங்கள்

வீப்கேயைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, முதலிலேயே நான் சொல்லிவிடுவது மேல்.

டெல்ஃப்சைல் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் அடுக்குமாடியில், நான்காம் மாடியில் என் கதவுக்கு அடுத்த கதவு அவளுடையது. வீப்கே ஓஸ்டர்ஹொஃப். கப்பல் பட்டறையில் இருபத்தேழு வருஷம் வெல்டர். வேலைக்குப் போன முதல் நாள் மேஸ்திரி, "பொம்பளைக்கு இங்க காபி போடற வேலைதான்" என்றாராம். இவள் அவருடைய இரும்புக் கோப்பையை இரும்பு மேசையோடு சேர்த்துப் பற்றவைத்து, அதில் காபியை ஊற்றி, "போட்டாச்சு, குடிங்க" என்றாளாம். அந்த மேசையைப் பட்டறை மூடும்வரை யாரும் மாற்றவில்லை என்று கேள்வி.

ஐம்பத்திரண்டு வயதில் நரம்பு நோய் வந்தது. கால்கள் திடீரென்று மரக்கட்டையாக விறைக்கும். தொடைச் சதை கயிறு முறுக்குவதுபோல முறுக்கிக்கொள்ளும். டாக்டர் கொடுத்த மாத்திரை வலியை நிறுத்தியது, கூடவே அவளையும் நிறுத்தியது. ஒரு மத்தியானம் என் வீட்டில் கடுகு சூப் குடிக்க உட்கார்ந்தவள் கரண்டியோடு அப்படியே தூங்கிவிட்டாள். விழித்ததும், "இப்படியே போனா சூப்புல மூழ்கிச் செத்தாள்னு எழுதுவாங்கடி" என்றாள். அந்த வாரமே மாத்திரையை விட்டுவிட்டாள்.

பட்டறைத் தோழன் ஒருவன்தான் அவளுக்குக் கஞ்சாவைச் சொன்னது. வெண்ணெயில் காய்ச்சி, சாயங்காலம் ஒரு ரொட்டித் துண்டில் தடவிச் சாப்பிட்டாள். முறுக்கு தளர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் குளியலறைவரை போய்வந்தாள். எங்கள் நாட்டில் அதைக் கடையில் வாங்குவதை யாரும் தடுப்பதில்லை; ஆனால் கடைச் சரக்கு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிலது தொண்டையைக் கமறியது.

"எந்த மண்ணுல வளத்தது, என்ன மருந்து தெளிச்சீங்கன்னு கேட்டேன் ஃபென்னா. கடைக்காரன் என்னை வழி தவறி வந்த கன்னியாஸ்திரி மாதிரி பாத்தான். தக்காளிக்குச் சீட்டு ஒட்டறாங்க, முட்டைக்கு முத்திரை குத்தறாங்க. என் நரம்புக்குள்ள போறதுக்கு மட்டும் ஊர் பேர் கிடையாதா?"

தானே வளர்ப்பதென்று முடிவுகட்டினாள். முதல் வருஷம் பால்கனியில் வைத்தாள். எம்ஸ் ஆற்று முகத்துவாரத்து உப்புக்காற்றும் செப்டம்பர் மழையும் சேர்ந்து பூவெல்லாம் சாம்பல் பூத்து அழுகிப்போயின. அடுத்த வருஷம் பின்படுக்கையறையில் கூடாரம் வந்தது. ஆள் உயரக் கறுப்புத் துணிப்பெட்டி. உள்பக்கம் வெள்ளி மினுக்கு. மேலே ஒரு விளக்கு, ஒரு மூலையில் மின்விசிறி. கட்டிலை முன்னறைக்குத் தள்ளிக்கொண்டாள். மின்கம்பி வேலை அவளுக்கே தெரியும். ஆனாலும் சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்து, கையெழுத்து வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தாள்.

கூடாரம் விற்ற கடைக்காரர் கலர் கலராக ஏழெட்டு பாட்டில்களையும் எடுத்து வைத்தாராம்.

"இதெல்லாம் ஊத்தலேன்னா பூவே வராதும்மா."

"காட்டுல யாருய்யா பாட்டில் எடுத்துட்டுப் போய் ஊத்தறது?"

"காடு வேற, கூடாரம் வேற."

"செடிக்கு அது தெரியாதே. நீங்களும் சொல்லிடாதீங்க" என்று பாட்டில்களைத் திருப்பித் தள்ளிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு துளி ரசாயனம் அந்தக் கூடாரத்துக்குள் போனதில்லை. குதிரை லாயத்திலிருந்து மக்கின சாணம். சமையல் மேசைக்கடியில் மண்புழுப் பெட்டி; உருளைக்கிழங்குத் தோலும் காபித்தூளும் அதற்குத் தீனி. துறைமுகத்தில் பொறுக்கிய சிப்பி ஓடுகளைத் தன் பழைய பட்டறைச் சுத்தியலால் பொடிப்பாள். சிலந்திப்பேன் வந்தபோது மருந்தடிக்கவில்லை. அதைத் தின்னும் இன்னொரு பூச்சியைத் தபாலில் வரவழைத்துவிட்டாள். அறுவடை முடிந்தாலும் மண்ணைக் கொட்டமாட்டாள். அதே மண்ணுக்குத் தீனி போட்டு, ஆறவிட்டு, மறுபடி விதைப்பாள். மூன்று வருஷத்தில் கறுத்து, பொலபொலவென்று, மழை விட்ட காட்டின் வாசனை வந்துவிட்டது அதற்கு.

"வீட்டைக் கூட்டிப் பெருக்கறது மனுஷ புத்தி. நீ குப்பையை உள்ள கொண்டாந்து சோறு போடற" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"உன் வீட்டுல உயிரோட இருக்கறது நீ ஒருத்திதான்டி. என் வீட்டுல பத்தாயிரம் பேர்" என்பாள்.

அந்த ஆகஸ்டில் நான்கு நாள் ஒரு நாற்றம். செத்த மீனா, சாக்கடையா, தெரியவில்லை. என் சமையலறைக்குள்ளேயே நின்றது. கீழே குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுவசதி நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "நாங்க வாடகை கொடுக்கறோமா, இல்ல சாக்கடையில குடியிருக்கோமா?" என்றெல்லாம் கேட்டேன். பக்கத்து வீட்டுக் கூடாரம் எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கும் இந்த நாற்றத்துக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நிறுவனத்து அதிகாரி ஸ்லாஹ்டர் வந்தார். ஒட்ட வெட்டிய தலைமுடி, அக்குளில் இடுக்கிய கோப்பு. வீடு வீடாகக் குழாயைப் பார்த்தார். வீப்கேயின் குளியலறையில் ஒரு வாளி இருந்தது. காஞ்சொறி இலைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, செடிக்குச் சத்துநீர் தயாரித்துக்கொண்டிருந்தாள். நாற்றம் அதுதான். வாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், திறந்திருந்த அறைக் கதவு வழியாகக் கூடாரத்தையும் பார்த்துவிட்டார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, இது என்ன?"

"நாலு செடி. அஞ்சு வரைக்கும் யாரும் கேக்கறதில்லைன்னு ஊருக்கே தெரியும். எண்ணிக்கோங்க."

"எண்ணிக்கை பிரச்சினை இல்லை. விளக்கு, விசிறி, கூடாரம். இது தொழில்முறை சாகுபடி."

"தொழிலா? நான் யாருக்கு வித்தேன்? என் ரெண்டு காலுக்குத்தான் விக்கிறேன். ரெண்டுமே கடன்காரப் பசங்க."

ஸ்லாஹ்டர் சிரிக்கவில்லை. நாலு நாளில் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் தாமாக வீட்டைக் காலி செய்தால் வழக்கு இல்லை, மறுத்தால் நீதிமன்றம். வீப்கே தடித்த பேனாவை எடுத்து, கடிதத்தின் குறுக்கே "மாட்டேன்" என்று எழுதி, அவர்கள் அனுப்பிய உறையிலேயே போட்டுத் திருப்பியனுப்பினாள்.

அதே வாரம் போலீஸ்காரர் ஆரென்ட் வந்தார். அவருடைய அப்பா பட்டறையில் வீப்கேயோடு வேலை பார்த்தவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நெளிந்தார்.

"அக்கா, நிறுவனத்துல இருந்து எழுத்துல புகார் வந்துடுச்சு. செடியை நீங்களா ஒப்படைச்சிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க. அதோட முடிஞ்சிது. வழக்கு கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நானா கொடுக்கலியே."

"ஒரு சம்பிரதாயம்தான்."

"உனக்குச் சம்பிரதாயம்டா. எனக்குப் பொய். எடுத்துட்டுப் போகணும்னா எடுத்துட்டுப் போ, உன்னைத் தடுக்க என் கால்ல பலம் இல்ல. ஆனா நானா கொடுக்கலேன்னு எழுது."

"அப்படி எழுதினா கேஸ் ஆயிடும்."

"ஆகட்டும்."

பூக்கள் பழுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆரென்ட் கத்தரியை எடுத்து நாலு தண்டையும் அடியில் வெட்டினார். நோய் முற்றி இப்போது சக்கர நாற்காலியில் இருந்த வீப்கே ஒவ்வொன்றையும் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை. அவர் தொட்டிகளைத் தூக்கப் போனபோதுதான் குரல் உயர்ந்தது.

"அதைக் கீழ வை."

"அக்கா, இதுவும்…"

"அது மண்ணு. மண்ணு வெச்சிருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டு. காட்டினா நானே லிஃப்ட் வரைக்கும் தள்ளிட்டு வரேன்."

ஆரென்ட் தொட்டிகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, செடிகளை மட்டும் பையில் திணித்துக்கொண்டு போனார். தாளில் "உரிமையாளர் தாமாக ஒப்படைக்க மறுத்தார்" என்று எழுதியிருந்தார். வீப்கே அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானம் என்னால் பொறுக்கமுடியவில்லை. உலர்ந்த தொத்திறைச்சியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய், "போன் பண்ணது நான்தான் வீப்கே" என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"கஞ்சாவுக்காகவா?"

"இல்லடி. நாத்தத்துக்காக. சாக்கடைன்னு நெனச்சேன்."

"என் காஞ்சொறித் தண்ணியையா சாக்கடைன்னே?" அவளுக்கு வந்த கோபம் நிஜமானது, செடி போனதற்கும் வாளியை இழிவுபடுத்தினதற்கும் சேர்த்து வந்த கோபம். "கதவைத் தட்டிக் கேட்டா என்ன? உனக்கும் எனக்கும் நடுவுல ஒரு சுவருதானே? வெளிய போ."

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் சுவரைக் கைத்தடியால் தட்டினாள். போனேன். கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாள். தூக்கி உட்காரவைத்தேன். வலியில் வியர்த்திருந்தவள், "பின்னறைக்குப் போய்ப் பாரு" என்றாள். நாலு தொட்டியிலும் விரல்நீள முளைகள். ஆரென்ட் போன மறுநாளே விதைத்திருக்கிறாள்.

"பைத்தியமாடி நீ? வழக்கு நடக்கப்போகுது!"

"வழக்கு அவங்களோடது. பருவம் என்னோடது. அந்த விசிறியைக் கொஞ்சம் திருப்பி வை, தண்டு கெட்டிப்படட்டும்."

நவம்பரில் வீட்டு வழக்கு, க்ரோனிங்கன் நீதிமன்றத்தில். ரயிலில் அவள் நாற்காலியை நான்தான் தள்ளினேன். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீலம்மா வழியெல்லாம் ஒரே பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "இனிமே வளப்பீங்களான்னு நீதிபதி கேப்பார். மாட்டேன்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

ஸ்லாஹ்டர் தீ ஆபத்து என்றார். எலெக்ட்ரீஷியன் சான்றிதழை வக்கீல் நீட்டினார். அக்கம்பக்கத்தார் துர்நாற்றத்தால் அவதிப்பட்டார்கள், எழுத்தில் இருக்கிறது என்றார் ஸ்லாஹ்டர் அடுத்து. நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

"கஞ்சா வாசனையைப் பற்றித்தான் நீங்கள் புகார் செய்தீர்களா?"

"இல்லைங்க ஐயா. காஞ்சொறி. எங்க ஊரு வாய்க்கால் ஓரத்துல எல்லாம் மண்டிக் கிடக்கே, அது. வாளியில ஊறினா அந்த நாத்தம். அதுக்கு வீட்டைக் காலி பண்ணணும்னா, ஊர்ல வெங்காயம் வதக்கற எல்லாரையும் காலி பண்ணணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி வீப்கேயிடம் திரும்பினார்.

"இனிமேல் வளர்க்கமாட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

வக்கீலம்மா அவள் முழங்கையைத் தொட்டார்.

"எடுத்துக்கக் கூடாதுங்க. வளப்பேன். இப்பவே வளந்துகிட்டு இருக்கு, முழங்கால் உயரம். நான் மாட்டேன்னு சொன்னா நீங்க நம்பிடுவீங்க, நான் வீட்டுக்குப் போய்த் தண்ணி ஊத்துவேன். இருபத்தேழு வருஷம் வெல்டிங் பண்ணேன். பொய்யா ஒரு இணைப்புப் போட்டதில்ல. போட்டிருந்தா நடுக்கடல்ல யாராவது செத்திருப்பாங்க. இந்த வயசுல இங்க வந்து ஆரம்பிக்கணுமா?"

வக்கீலம்மா வழக்குக் கோப்பை மூடிவிட்டார். ரயிலில் திரும்பும்போது நான் திட்டித் தீர்த்தேன்: ஒரு வார்த்தைக்காக வீட்டை இழப்பவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்றேன். வீப்கே வயல்களைப் பார்த்தபடி, "பசிக்குதுடி" என்றாள். ஸ்டேஷனில் பொரித்த முட்டை உருண்டை வாங்கிக் கொடுத்தேன், இரண்டு தின்றாள்.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அவள் படிக்கவில்லை; என்னைப் படிக்கச் சொன்னாள். விற்பனை இல்லை, ஆபத்து நிரூபிக்கப்படவில்லை, குடியிருப்பவரின் நோய், இத்தனை காலம் ஒழுங்காக இருந்த வாடகைதாரர். ஆகவே வெளியேற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அதன் கீழே இன்னொரு பத்தி: இந்தத் தீர்ப்பை வளர்ப்பதற்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது. அதாவது ஆரென்ட் நாளைக்கே மறுபடி கத்தரியோடு வரலாம்.

"வரட்டும். கத்தரிக்கு வேலை, எனக்கும் வேலை" என்றாள். பிறகு, நான் அதுவரை பார்த்திராத விதமாக, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் காபி போட எழுந்து போனேன். அழுவதை யாரும் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருக்காது.

ஆரென்ட் அதற்குப் பிறகு வரவில்லை; அவர் எழுதிக்கொண்டு போன கேஸும் நகரவில்லை. நோய் நின்றபாடில்லை, இடது கை இப்போது கோப்பையைப் பிடிப்பதில்லை. மண்ணைக் கிளறுவது, புழுவுக்குத் தீனி போடுவது எல்லாம் நான். காஞ்சொறி வாளி மட்டும் ஊருக்கு வெளியே என் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டது. அது நான் வைத்த ஒரே நிபந்தனை.

வழக்குச் செய்தி பரவியதில், இரண்டாம் மாடி யூர்ரியன் போன மார்ச்சில் வந்தார். வயிற்றில் புற்றுநோய், சாப்பாடு இறங்கவில்லை. தயங்கித் தயங்கி, "உங்ககிட்ட கொஞ்சம் கெடைக்குமா, வீப்கே?" என்றார்.

"பூவைக் கொடுத்தா நான் வியாபாரின்னு எழுதிடுவாங்க. தரமாட்டேன்" என்றாள். அவர் முகம் விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். "ஃபென்னா, ஒரு வாளி எடு. வலது ஓரத் தொட்டி மண்ணைப் பாதி அள்ளு, புழுவோட அள்ளு. யூர்ரியன், நீங்க வீட்டுக்குப் போய் எந்த ரூம்ல செடி வைக்கலாம்னு பாருங்க. வேலை முழுக்க நீங்கதான் செய்யணும், நான் நாற்காலியில உக்காந்து திட்டுவேன். சம்மதமா?"

அவர் சம்மதம் என்றார். வாளி கனமாக இருந்தது. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டாம் மாடிக்கு இறக்கினோம்.